பெண்டு எடுப்பதா, வீலையே மாற்றுவதா?

வாசகர் கேள்வி – பதில்

இந்தத் தடவை வந்த வண்டிக் கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பள்ளத்தில் விட்ட கதைதான். அதனால் மைலேஜ், இன்ஜின் ஆயில் கேள்விகளை எல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளி வைத்துவிட்டு, வளைந்த வீல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ராத்திரி நேரத்தில் காரை ஒரு பள்ளத்தில் இறக்கிவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் அலாய் வீலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. அலைன்மெண்ட் பார்க்கப் போன இடத்தில், "உள்பக்கம் பெண்டு ஆகியிருக்கு, வீலை மாத்திடுங்க" என்கிறார்கள். இன்னொரு கடையில், "எடுத்துடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். அளந்து பார்த்துச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. கண்ணால் பார்த்தே "மாத்திடுங்க" என்பவரும் சரி, கண்ணால் பார்த்தே "எடுத்துடலாம்" என்பவரும் சரி, இரண்டுமே குத்துமதிப்புதான்.

முதலில், வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே மட்டும் எப்படி வளைந்தது என்று குழம்ப வேண்டாம், அப்படித்தான் வளையும். வீலின் ஆரங்கள் (நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கைகள்) பெரும்பாலும் வெளிப்பக்க முகத்தை ஒட்டி இருக்கும், உள்பக்க விளிம்பு அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் ஒரு மெல்லிய சுவராக நிற்கும். பள்ளத்தின் ஓரம் டயரை நசுக்கி ரிம்மில் கொண்டுபோய் இடிக்கும்போது அந்தச் சுவர்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். டயரில் காற்று குறைவாக இருந்தாலோ, பக்கச்சுவர் உயரம் குறைவான டயர் போட்டிருந்தாலோ அடி இன்னும் நேராக விழும். அதனால் பள்ளத்தில் விட்ட பிறகு வெளியே நின்று பார்த்துவிட்டு "ஒண்ணும் ஆகலை" என்று திருப்திப்படுவதில் அர்த்தமே இல்லை.

சரி, முடிவெடுக்க என்ன தெரிய வேண்டும்? எந்த இடத்தில் வளைந்திருக்கிறது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. டயர் உட்காரும் விளிம்பில் மட்டும் என்றால் சரிசெய்வதைப் பற்றிப் பேசலாம். ஆரத்திலோ, நட்டு ஓட்டைகளைச் சுற்றியோ, ஹப்பில் (அச்சின் முனையில் வீல் மாட்டும் பகுதி) போய் உட்காரும் நடுப்பகுதியிலோ வளைவு இருந்தால் பேச்சே கிடையாது, வீல் கதை முடிந்தது. வண்டியின் எடை, பிரேக் பிடிக்கும் இழுவை, வளைவில் திரும்பும்போது வரும் பக்கவாட்டுத் தள்ளல் எல்லாம் அந்த வழியாகத்தான் போகின்றன.

அடுத்தது எவ்வளவு என்பது. டயரைக் கழற்றிவிட்டு, வீலை பேலன்சிங் மிஷினிலோ ஹப்பிலோ மாட்டிச் சுற்றவிட்டு, டயர் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தையும் முள் நகர்ந்து காட்டும் கருவி) வைத்து அளக்க வேண்டும். மேலும் கீழுமாக ஏறி இறங்குவது ஒன்று, பக்கவாட்டில் ஆடுவது ஒன்று, இரண்டையும் தனித்தனியாக. நல்ல நிலையில் இருக்கும் கார் அலாய் வீலில் இந்த ஆட்டம் பொதுவாக அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங்கில் தெரிய ஆரம்பிக்கும். உங்கள் வண்டிக்கான சரியான எல்லை அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள். டயல் கேஜ் இல்லை என்று சொல்லும் கடையில் பெண்டு எடுக்கக் கொடுக்காதீர்கள். எடுத்த பிறகு சரியாகிவிட்டது என்று அவர் எதை வைத்துச் சொல்வார்?

மூன்றாவது, விரிசல். இதுதான் பலரும் விட்டுவிடுகிற இடம். உள்பக்கம் முழுக்க பிரேக் தூசியும் சேறும் படிந்திருக்கும், அதற்கு அடியில் முடி அளவு விரிசல் இருந்தால் தெரியவே தெரியாது. சுத்தமாகக் கழுவிய பிறகு, சிவப்புச் சாயத்தைத் தடவி, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக எழும்பி வரும். இந்தச் சோதனையை பெண்டு எடுப்பதற்கு முன்பு ஒரு முறை, எடுத்த பிறகு ஒரு முறை செய்ய வேண்டும், நிமிர்த்தும்போதே விரிசல் விடுவது உண்டு. அதற்கு வசதி இல்லாத இடத்தில் காற்றடித்து சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்றாவது பார்க்கலாம், ஆனால் அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஊடுருவிய விரிசலை மட்டும்தான் காட்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு என் அபிப்பிராயம் இது: வளைவு உள்பக்க விளிம்பில் மட்டும், ஒரே இடத்தில், மடிப்பு விழாமல் நீளமான வளைவாக, சில மில்லிமீட்டருக்குள் இருந்து, விரிசலும் இல்லை என்றால், தெரிந்தவர் கையில் கொடுத்து நிமிர்த்திப் போட்டுக்கொள்ளலாம், நான் கொடுப்பேன். இரண்டு மூன்று இடங்களில் அடி இருந்தாலோ, கூர்மையாக மடிந்திருந்தாலோ, அதே இடத்தில் ஏற்கெனவே ஒரு தடவை பெண்டு எடுத்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். அலுமினியத்தை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் அது உடையத்தான் பார்க்கும்.

நிமிர்த்தும் விதத்தையும் நின்று கவனியுங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, நடுநடுவே அளந்து பார்த்துச் செய்பவரிடம் விடலாம். கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து நேராக ஜுவாலையைக் காட்டிச் சுத்தியலால் அடிப்பவரிடம் இருந்து வீலை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். லேத்தில் போட்டுச் சீவி வட்டமாக்கித் தருகிறேன் என்பவரிடமும் அப்படித்தான். அவர் வளைவை எடுக்கவில்லை, உலோகத்தை எடுக்கிறார்.

ஒன்று விட்டுப்போயிற்று. வீலை வளைக்கும் அளவுக்கு அடி விழுந்திருக்கிறது என்றால் டயரும் அதை வாங்கியிருக்கும். டயரை உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கச்சுவரில் வீக்கம் இருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த டயர் வேண்டாம். வீலைத் திருப்பும், தாங்கும் பாகங்களான டை ராட், லோயர் ஆர்ம், வீல் பேரிங் இவற்றையும் பார்த்த பிறகுதான் அலைன்மெண்ட்.

கேள்வி: வீல் பேலன்சிங் திரும்பத் திரும்பச் செய்தும் நடுக்கம் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் எடை ஒட்டி அனுப்புகிறார்கள். வீல் பெண்டா, டயர் கோளாறா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பதில்: எடை ஒட்டினால் எடைதான் சமமாகும், கோணலான சக்கரம் வட்டமாகாது. மிஷினில் சைபர் காட்டினாலும் ரோட்டில் அது ஏறி இறங்கிக்கொண்டேதான் ஓடும். ஒரே வீலில் எடைத்துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தால் அதுவே ஒரு அறிகுறி.

வீட்டில் பார்ப்பது சுலபம். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கீழே ஸ்டாண்டும் கொடுத்துவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அருகில் உட்காராதீர்கள்), ஒரு பேனாவையோ ஸ்குரூ டிரைவரையோ அசையாமல் முட்டுக்கொடுத்து, அதன் முனை ரிம் விளிம்புக்கு மயிரிழை தூரத்தில் இருக்கும்படி வைத்து, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மில் கோளாறு. உள்பக்க விளிம்பையும் மறக்காமல் பாருங்கள். ரிம் ஒரே சீராக ஓடி, டயர் மட்டும் துள்ளினால் டயரைச் சந்தேகப்படலாம். ஆனால் டயர் ரிம்மில் சரியாக உட்காராமல் இருந்தாலும் இப்படித் துள்ளும். டயரின் பக்கச்சுவரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும், அதற்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காற்றை இறக்கி மறுபடி உட்கார வைத்தாலே போதும்.

இன்னொரு வழி, முன் வீலைப் பின்னால் போட்டு ஓட்டிப் பார்ப்பது. நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்கு வந்துவிட்டால் குற்றவாளி அந்த வீலோ, அதில் உள்ள டயரோதான். வீலைக் கழற்றும்போது ஹப் முகத்தில் துருவும் மண்ணும் கட்டியிருக்கிறதா என்று பார்த்து கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். அந்தப் பக்கு ஒரு ஓரத்தில் இருந்தால்கூட நேரான வீல் கோணலாக ஓடும், இதற்காக நல்ல வீலைத் தூக்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

ரிம்மில் லேசான ஆட்டம், அனுமதித்த அளவுக்குள்தான், ஆனாலும் நடுக்கம் இருக்கிறது என்றால் டயரை ரிம்மின் மேல் அரை வட்டம் திருப்பிப் போடச் சொல்லிப் பாருங்கள். ரிம்மின் பள்ளமான இடத்தில் டயரின் மேடான இடம் போய்ச் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். அதிகம் செலவில்லாத வைத்தியம் இது, கடைக்காரர்கள் சொல்லத்தான் மாட்டார்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் வீலை விட்டுவிட்டு பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். நடுக்கமே இல்லாமல் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அலைன்மெண்ட்டையும் டயர் காற்றையும் பாருங்கள்.

கேள்வி: என்னுடையது சாதாரண ஸ்டீல் வீல். பஞ்சர் கடைக்காரர் சுத்தியலால் நாலு தட்டு தட்டி நிமிர்த்திவிட்டார். ஓட்டலாமா?

பதில்: விளிம்பு மட்டும் என்றால் தாராளமாக ஓட்டலாம். ஸ்டீல் வளையும், நிமிர்த்தினால் நிமிரும், அலாய் மாதிரி சட்டென்று விரிசல் விடாது. பேலன்சிங் மட்டும் செய்துகொள்ளுங்கள். ரிம்மும் நடுத்தட்டும் சேரும் வெல்டிங்கில் விரிசல், நட்டு ஓட்டை நீண்டு போயிருப்பது, துருப்பிடித்து அரித்திருப்பது, இதில் எது இருந்தாலும் மாற்றுங்கள். ஸ்டீல் வீலுக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை, பெரும்பாலும் புதிதே கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும்.

கேள்வி: பைக்கின் முன் அலாய் வீல் லேசாக வளைந்துவிட்டது. காற்று இறங்கவில்லை, ஓட்டும்போது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அப்பா மாற்றச் சொல்கிறார், நண்பர்கள் தேவையில்லை என்கிறார்கள்.

பதில்: தம்பி, அப்பா சொல்வதைக் கேளுங்கள். காரில் ஒரு டயரில் காற்று போனால் மற்ற மூன்று தாங்கிப் பிடிக்கும், பைக்கில் முன் டயரில் காற்று போனால் ஆளே கீழே. அதனால்தான் காருக்குச் சொல்வதை அப்படியே பைக்குக்குச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. யமஹா தன் பைக் கையேடுகளில் வீலில் மிகச் சிறிய ரிப்பேர்கூட செய்ய வேண்டாம், வளைந்தால் அல்லது விரிசல் விட்டால் மாற்றிவிடுங்கள் என்றுதான் எழுதுகிறது.

முதலில் அளந்து பார்த்துவிடுங்கள். பல பைக்குகளின் சர்வீஸ் கையேட்டில் மேல்கீழ் ஆட்டம், பக்கவாட்டு ஆட்டம் இரண்டுக்குமே 2 மி.மீ. என்று எல்லை போட்டிருப்பார்கள். அதற்குள் இருந்து, கண்ணுக்குத் தெரியும் நசுங்கலோ விரிசலோ இல்லை என்றால் விட்டுவிடலாம், ஒன்றும் செய்ய வேண்டாம். தாண்டினால் பெண்டு எடுக்கும் யோசனையே வேண்டாம், முன் வீல் என்றால் நிச்சயமாக வேண்டாம்.

ஸ்போக்ஸ் வீல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான். அங்கே வளைவு என்று நாம் நினைப்பதில் நிறைய, கம்பிகள் தளர்ந்ததால் வந்த கோட்டம். கை பழகிய மெக்கானிக் வீலை ஸ்டாண்டில் மாட்டி, நிப்பிளை (கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் சின்ன நட்டு) ஒரு பக்கம் கால் சுற்று இறுக்கி, எதிர்ப்பக்கம் தளர்த்தி, சுற்றிவிட்டு, மறுபடி இறுக்கி என்று கோட்டம் எடுத்துவிடுவார். ரிம்மே நசுங்கியிருந்தால் கம்பியை முறுக்கி அதைச் சரிக்கட்டப் பார்க்கக் கூடாது, சில கம்பிகள் விண்ணென்று இறுகி, சில தொளதொளவென்று கிடந்து, கடைசியில் இறுகியவை ஒவ்வொன்றாக அறும். ரிம்மை மட்டும் புதிதாக வாங்கி, பழைய ஹப்பிலேயே கோத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அலாய் வீலில் விரிசல். "ஆர்கான் வெல்டிங் போட்டால் பழசைவிட ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று உத்தரவாதம் தருகிறார் ஒருவர். வெல்டிங் போட்ட இடம் பார்க்கவும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

பதில்: வெல்டிங் சுத்தமாகவே இருக்கட்டும், பிரச்சினை வெல்டிங்கில் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. வார்ப்பு அலாய் வீல்கள் பெரும்பாலும் ஏ356 என்ற கலவையில் செய்யப்படுபவை, அலுமினியத்தோடு ஏறக்குறைய 7 சதவீதம் சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும் சேர்ந்தது. வார்த்து எடுத்தவுடன் அதற்கு அவ்வளவு பலம் கிடையாது. ஏறக்குறைய 540 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் வைத்து, சட்டென்று தண்ணீரில் குளிரவைத்து, பிறகு 150, 160 டிகிரி அளவில் மறுபடி சில மணி நேரம் பதப்படுத்துவார்கள். டி6 என்று அதற்குப் பெயர். வீலின் பலத்தில் பெரும்பகுதி அந்தப் பதத்தில் இருந்துதான் வருகிறது.

வெல்டிங் போடும்போது அந்த இடம் உருகி, சுற்றியுள்ள பகுதி பதம் கெட்டு மெத்தென்று ஆகிவிடும். பழைய பலம் வர வேண்டுமென்றால் வீல் முழுவதையும் மறுபடி அந்த உலையில் போட்டு எடுக்க வேண்டும், அதில் வீலே கோணிப்போகலாம், எந்த வெல்டிங் பட்டறையும் அதைச் செய்வதில்லை. டார்ச் வேண்டாம் என்று முதல் பதிலில் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். இரும்பு சூடானால் சிவந்து காட்டும், அலுமினியம் அப்படிச் சிவந்து எச்சரிக்காது, பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துவிட்டுத் திடீரென்று தொய்ந்துவிடும்.

உள்விளிம்பில் விரல்நுனி அளவு விரிசலுக்கு வெல்டிங் போட்டு வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கும் எழுதுவார்கள், தெரியும். இருக்கட்டும். ஆரத்திலும் ஹப் பக்கத்திலும் போட்டவர்கள் எழுதுவதில்லை. விரிசல் என்றால் என் பதில் மாற்றுங்கள் என்பதுதான், அந்த உத்தரவாதத்தை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், தருகிறாரா என்று. மேலே புதுப் பெயிண்ட் அடித்து விற்கிற பழைய வீல்களிலும் இந்த மாதிரி வெல்டிங் ஒளிந்திருக்கும், ஜாக்கிரதை.

கேள்வி: ஒரு வீலை மட்டும் மாற்றலாமா, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமா? பழைய வீல் வாங்கலாமா?

பதில்: அதே மாடல், அதே அளவு கிடைத்தால் ஒன்று போதும், டயர் மாதிரி ஜோடியாக மாற்றத் தேவையில்லை. அளவு என்றால் 15 இன்ச், 16 இன்ச் என்பதோடு முடியவில்லை. அகலம், நட்டு ஓட்டைகளின் எண்ணிக்கை, அவை அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம், நடு ஓட்டையின் அளவு, ஆஃப்செட் எல்லாமே ஒத்துப்போக வேண்டும். ஆஃப்செட் என்பது வீலின் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், பெரும்பாலும் வீலின் உள்பக்கம் ET என்ற ஆங்கில எழுத்துகளோடு மி.மீ. கணக்கில் பொறித்திருக்கும். நட்டு உட்காரும் வாய் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதையும் பாருங்கள். கூம்பு நட்டை உருண்டை வாயில் இறுக்கினால் இறுகின மாதிரி இருக்கும், பிறகு தளரும். பெயர் தெரியாத புது வீலாக இருந்தால் ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கிறதா பாருங்கள், அது அலாய் வீல்களுக்கான ஜப்பானியத் தரம்.

பழைய வீல் வாங்கலாம், டயல் கேஜில் சுற்றிக் காட்டினால் மட்டும். நீங்கள் உங்கள் பெண்டான வீலைக் கழிக்கிற மாதிரியே அந்த வீலை விற்றவரும் ஏதோ காரணத்துக்காகத்தான் விற்றிருப்பார்.

மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, டார்க் ரெஞ்ச்சால் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) முடியுங்கள். கார்களுக்குப் பெரும்பாலும் 90 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். 50, 100 கி.மீ. ஓடிய பிறகு ஒரு முறை மறுபடி சரிபாருங்கள்.

கேள்வி: லாரி வைத்திருக்கிறேன். லாக் ரிங் (டயரை ரிம்மோடு பிடித்து வைக்கும் தனி இரும்பு வளையம்) வைத்த பழைய வகை ரிம். ரிங்கும் ரிம்மும் லேசாகக் கோணியிருக்கின்றன. பையன்கள் டயரோடு வைத்தே சூடு காட்டி நிமிர்த்தப் பார்க்கிறார்கள்.

பதில்: இதைப் படித்தவுடன் போய் நிறுத்துங்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் நெருப்பு காட்டினால், காற்றை இறக்கியிருந்தாலும், உள்ளே ரப்பர் வெந்து வாயு உண்டாகி டயர் வெடிக்கலாம். ஆட்கள் செத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஎஸ்எச்ஏ அமைப்பின் விதிகளில் பெரிய வண்டிகளின் ரிம்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. விரிசல் விட்ட, வளைந்த, சேதமான ரிம் பாகங்களை வெல்டிங் போடவோ, சூடு காட்டவோ, வேறு வகையில் சரிசெய்து மறுபடி போடவோ கூடாது என்று அதில் இருக்கிறது. கோணிய லாக் ரிங் காற்றடிக்கும்போது தெறித்து வந்தால் எதிரில் நிற்பவருக்கு ஓட நேரம் இருக்காது. ரிங், ரிம் இரண்டையும் கழிவு இரும்பில் போடுங்கள், யாரும் எடுத்து மாட்டாதபடி வெட்டிப் போடுங்கள். வேறு கம்பெனி ரிங்கைக் கொண்டுவந்து இதில் பொருத்திப் பார்ப்பதும் வேண்டாம். காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான்.

கேள்வி: ஆர்டர் செய்த வீல் வரச் சில நாள் ஆகும். அதுவரை பெண்டான வீலைப் பின்னால் போட்டு ஓட்டலாமா?

பதில்: விரிசல் இல்லை, காற்றும் நிற்கிறது, டயரில் வீக்கமும் இல்லை என்றால் ஊருக்குள் மெதுவாக ஓட்டலாம், காலையில் கிளம்பும்போது காற்றைப் பார்த்துவிட்டு. பின்னால் போட்டால் ஸ்டியரிங் நடுக்கம் தெரியாது, அது சரியானதாக எடுத்துக்கொண்டு வேகமெடுக்காதீர்கள். முழு அளவு ஸ்டெப்னி இருந்தால் அதையே மாட்டிவிடுவது நல்லது. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அதன் மேலேயே வேக எல்லை எழுதியிருக்கும், பெரும்பாலும் 80 கி.மீ., அதை வைத்து நாள் கணக்கில் ஓட்ட வேண்டாம். எதுவானாலும் மாட்டுவதற்கு முன் அதில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், பல வண்டிகளில் வாங்கிய நாளில் அடித்த காற்றோடு கிடக்கிறது.